இரண்டாவது கோடு

பண்டாரவளை
2006 நவம்பர் 6

அன்பு மகள் முஹ்ஸினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதி உண்மை என்பதால் எழுதவில்லை. நீ போனில் பேசினால் எனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. உன் தங்கை பஸ்லியா பக்கத்தில் நின்று நீ சொல்வதையெல்லாம் திருப்பிக் கத்த வேண்டியிருக்கிறது. இது அவள் கத்திச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

நோன்பு மாதத்தில் கடையைப் பின்னேரத்தில் மட்டும் திறந்தேன். அப்போதே வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றி வரும் லொறிக்காரர் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். பெருநாளுக்குப் பிறகு தபால் கந்தோர்ப் பெண்ணொன்று. நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட், என்று டொக்டர்மார் சொன்னார்களாம். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தனேஸ்வரன் மாஸ்டரை நீ மறந்திருக்க மாட்டாய், உனக்குக் கணக்குப் படிப்பித்தவர். அவருடைய சின்ன மகள் லக்ஷிகா டியூஷன் முடிந்ததும் நம் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் சளி, தடிமன் என்று நினைத்துப் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பிந்திவிட்டது. போன வெள்ளிக்கிழமை பிள்ளையை அடக்கினார்கள். நானும் போனேன். மாஸ்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கடையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொல்லாதது என்னைத் தூங்க விடுவதில்லை.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் இரகுநாதன் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மரியாதையானவர். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் எடுத்துப் போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். "ஜௌபர் நானா, நான் உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லை. ஆனா காய்ச்சல் வந்த ஆக்கள் எல்லாரும் உங்கட கடையிலதான் சாப்பிட்டிருக்கினம்" என்றார். முடிவு வரும்வரை கடையைப் பூட்டி வைத்தால் நல்லது என்றும் சொன்னார். பூட்டினால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பூட்டாவிட்டால் இன்னொரு பிள்ளை. எது சரியென்று தெரியாமல் பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

குசினியில் நானும் ராசம்மாவும்தான் என்பது உனக்குத் தெரியும். உன் உம்மா நோயில் படுத்து மௌத்தான காலத்தில் கொஸ்லந்தத் தோட்டத்திலிருந்து வந்தவள். தேங்காய் துருவி, மிளகாய் அரைத்து, கோப்பை கழுவி, கடைக்குப் பின்னாலுள்ள அறையிலேயே இருக்கிறாள். சம்பலைப் பிசைவதை மட்டும் நான் யார் கையிலும் விடுவதில்லை. சனங்கள் அதற்காகத்தானே வருகிறார்கள்.

சாப்பாட்டில் கிருமி இருந்தால் இருந்த இடத்திலேயே காட்டும் ஒரு கருவியைச் செய்கிறோம் என்று நீ போன முறை வந்தபோது சொன்னாய். அது முடிந்துவிட்டதா? கொழும்பு முடிவு வர வாரக்கணக்காகும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, மகள்.

என் உடம்பு பரவாயில்லை. எண்ணெய்ச் சாமான் சாப்பிட்டால் வலப்பக்கம் விலாவுக்குக் கீழே பிடிக்கிறது. வாய்வுதான்.

துஆ செய்யும்
வாப்பா ஜௌபர்

*

பினாங்கு
2006 நவம்பர் 18

அன்பு வாப்பா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே வாசித்தேன். லக்ஷிகாவை நான் கடைசியாகக் கண்டபோது மாஸ்டரின் தோளில் இருந்த குழந்தை. உள்ளே போக முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கருவி முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கே நாங்கள் வேண்டுமென்றே கிருமி கலந்த பாலிலும் இறைச்சியிலும் வேலை செய்கிறது. வெளியில், உண்மையான குசினியில், யாரும் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை. பேராசிரியையிடம் ஊர்ப் பெயர் சொல்லாமல் கேட்டேன். சாப்பாட்டில் மட்டும், அதுவும் சோதனைக்காக என்று அனுமதி தந்தார். இங்கே என்னோடு படிக்கும் பதுளை அஷ்பாக் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன்.

அதற்குள் சிறு குப்பிகளில் கறுப்பு நீர் இருக்கும். மை இல்லை. ஒரு தலைமயிரின் தடிப்பை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவுதான் அதிலுள்ள இரும்புத் துகள். நானோ துகள் என்கிறோம். நெருப்புக் காய்ச்சல் கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருளை அதன்மேல் பூசியிருக்கிறோம். சாப்பாட்டைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வடித்து, இதில் கலந்து கொஞ்ச நேரம் ஆட்டுங்கள். பிறகு பெட்டியிலுள்ள காந்தத்தைக் குப்பியோடு ஒட்டிப் பிடித்தால் கறுப்பெல்லாம் ஒரு பக்கம் வந்து ஒட்டும். கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். மற்ற நீரை ஊற்றிவிட்டு, ஒட்டியதில் ஒரு சொட்டை அட்டைத் துண்டில் விடுங்கள். அட்டையில் பொன் துகள் இருக்கிறது. அவ்வளவு சிறிதானால் பொன் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். முதலில் ஒரு சிவப்புக் கோடு வரும். அது எப்போதும் வரும், அட்டை நல்ல அட்டை என்பதற்கு அடையாளம். அதன் கீழே இரண்டாவது கோடு வந்தால்தான் பயப்பட வேண்டும். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

கையுறையும் வைத்திருக்கிறேன். போடாமல் தொடாதீர்கள். முடிந்ததையெல்லாம் கொதிநீரில் போட்டுப் பிறகு எறியுங்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இது சில நேரம் பிழை விடும். இல்லாத கிருமியை இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறது. கோடு வந்தால் இரகுநாதன் ஐயாவிடம் சொல்லுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம்.

உம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு ஜனாஸாவை அடக்கிய பிறகு வந்ததை நான் மறக்கவில்லை. அந்தக் காத்திருப்பு இல்லாமல் போக வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இன்றைக்கு முதன்முதலாக, கோடு வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டுத் தொழுதேன்.

உங்கள்
முஹ்ஸினா

*

பண்டாரவளை
2006 டிசம்பர் 3

அன்பு மகளுக்கு,

பெட்டி வந்தது. வருகிற வழியில் சோதனைச் சாவடியில் அஷ்பாக்கை இறக்கி, குப்பியையும் காந்தத்தையும் மேசையில் பரப்பி, இது என்ன கறுப்புத் தண்ணீர் என்று கேட்டார்களாம். சண்டைக் காலத்தில் தமிழ் பேசுகிற பையன் கையில் இப்படி ஒரு பெட்டி. பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டி, மாலைவரை இருத்தி வைத்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். பிள்ளை வெளிறிப் போய் வந்து சேர்ந்தான். இனி யாரிடமும் கொடுத்தனுப்பாதே.

பஸ்லியா உன் கடிதத்தை வாசிக்க வாசிக்க நான் செய்தேன். குழாய்த் தண்ணீருக்கு ஒரு கோடுதான். பாலுக்கும் ஒன்று. ரொட்டிக்கும் ஒன்று. எனக்கு நெஞ்சு இலேசானது. கடைசியாகச் சம்பல். பஸ்லியா அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது கோடு மெல்லிசாக, மருதாணி அழிந்துவரும் நிறத்தில் இருந்தது.

தேங்காய் துருவுவது ராசம்மா. மிளகாய் அரைப்பதும் அவள். ஒவ்வொரு மாதமும் தோட்டத்து லய வீட்டுக்குப் போய் அங்கே மலையிலிருந்து வடிகிற பீலித் தண்ணீரைக் குடித்து வருகிறவள். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் என்ன மொதலாளி பண்ணேன்? சோப்பு போட்டுத்தான கழுவுறேன். எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே" என்றாள். வைத்திருக்க முடியாது என்று சொன்னேன். சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது பஸ்லியாவின் தலையைத் தடவ வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

இரகுநாதன் ஐயாவிடம் சொன்னேன். தோட்டத்து வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பதாகச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், சமையலில் இருந்தவளை நிறுத்திவிட்டேன் என்கிறேன். சனங்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார்கள். தேங்காயையும் இப்போது நானே துருவுகிறேன்.

உன் கருவி எங்களைக் காப்பாற்றியது, மகள். உன் உம்மா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாள்.

வாப்பா

*

பினாங்கு
2006 டிசம்பர் 13

வாப்பாவுக்கு,

கோபத்தோடு எழுதக் கூடாது என்று ஒரு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். கோபம் இன்னும் இருக்கிறது.

அந்தக் கோடு சம்பலில் கிருமி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். யார் கை என்று அதற்குத் தெரியாது. ராசம்மா அக்காவைப் பரிசோதித்தீர்களா? அவருடைய தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீங்கள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் உம்மா படுத்த படுக்கையை மாற்ற ஆளில்லாத நாளில் வந்து மாற்றியவர் அவர்.

உங்களைக் கேட்பது ஒன்றுதான். அவர் போன பிறகு நீங்கள் செய்த சம்பலை ஒரு தடவை பரிசோதியுங்கள். பாத்திரம், துருவலை, அம்மி எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றிவிட்டுச் செய்யுங்கள். ஒரு கோடு மட்டும் வந்தால் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இரண்டு வந்தால் அந்த நிமிடமே கடையைப் பூட்டுங்கள். பிறகு எழுதுங்கள். பஸ்லியாவைக் கடையில் சாப்பிட விடாதீர்கள்.

வாய்வு என்று எழுதியிருந்தீர்களே, அந்த வலி எப்படி இருக்கிறது? எத்தனை காலமாக?

முஹ்ஸினா

*

பண்டாரவளை
2006 டிசம்பர் 29

மகளுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உன் பெட்டி மழையில் நனைந்து பழுதாகிவிட்டது. அட்டைகள் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. இனி அந்தப் பேச்சு வேண்டாம். கொழும்பிலிருந்தும் பதில் வந்துவிட்டது. தண்ணீரில் ஒன்றும் இல்லையாம். சாப்பாடு போய்ச் சேரும்போது பழுதாகிவிட்டதால் சொல்ல முடியாதாம்.

ராசம்மாவின் விஷயத்தில் நீ சின்னப் பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறாய். கடை நடத்துகிறவனுக்குத்தான் கடையின் பாரம் தெரியும்.

வலி இருக்கிற மாதிரியே இருக்கிறது.

பஸ்லியாவுக்கு இரண்டு மூன்று நாளாக மேல் காய்கிறது. பண்டாரவளைக் குளிர் உனக்குத் தெரியும்தானே. கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன்.

பெருநாள் வாழ்த்து.

வாப்பா

*

பினாங்கு
2007 ஜனவரி 9

அன்பு வாப்பா,

அஷ்பாக் நேற்றுப் போன் பண்ணினார். பஸ்லியாவைப் பதுளையில் வார்டில் வைத்திருக்கிறார்கள் என்றும், நெருப்புக் காய்ச்சல் என்றும், ஊசி ஏற்றுகிறார்கள் என்றும் சொன்னார். உடனே உங்களுக்கு எடுத்தேன். நீங்கள் "கேட்கல்ல, கேட்கல்ல" என்று சொல்லி சாச்சியிடம் கொடுத்துவிட்டீர்கள். காது கேட்காமல் கொடுத்தீர்களா, நான் என்ன கேட்பேன் என்று தெரிந்து கொடுத்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. சாச்சி உம்மாவின் தங்கை, அவரிடம் நான் இதைச் சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

வாப்பா, நெருப்புக் காய்ச்சல் வந்து சுகமானவர்களில் சிலருக்கு அது முழுதாகப் போவதில்லை. பித்தப்பையில் கல் இருந்தால் கிருமி அந்தக் கல்லில் படிந்து வருடக்கணக்காக உயிரோடு இருக்கும். அவர்களுக்குக் காய்ச்சல் வராது. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்கம் வலிக்கும், வாய்வு என்று நினைப்பார்கள். கிருமி மலத்தில் வெளியேறும். சில மாதம் வெளியேறும், சில மாதம் ஒன்றுமே இருக்காது. எவ்வளவு துப்புரவான ஆளாக இருந்தாலும் நகத்தின் அடியில் மிச்சமிருந்தால் போதும், கையால் பிசைகிற சாப்பாட்டில் இறங்கிவிடும். அடுப்பில் வைக்காத சாப்பாடாக இருந்தால் அதில் அப்படியே இருக்கும்.

ரொட்டியில் கோடு வரவில்லை. அது சட்டியில் சுடப்படுகிறது. பாலில் வரவில்லை. அது கொதிக்கிறது. சம்பலை யாரும் சுடுவதில்லை.

உங்களுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது 1998இல். மாதக்கணக்கில் படுத்திருந்தீர்கள், உம்மாதான் பார்த்தா. அடுத்த வருடம் உம்மாவுக்கு வந்தது. நான் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் எனக்கும் வந்த காய்ச்சலைப் பரீட்சைக் காய்ச்சல் என்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது பஸ்லியா.

நான் எழுதுவது பிழையாக இருக்க வேண்டும். என் படிப்பு, என் கருவி எல்லாம் பிழையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீங்கள் பஸ்லியாவுக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்கள் என்று நினைக்கும்போது என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாச்சியைச் சமைக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தயவுசெய்து, வாப்பா.

உங்கள் மகள்
முஹ்ஸினா

*

பதுளை
2007 ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் ஏதும் வந்து இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரிலுள்ள பள்ளிவாசலில் இருந்து எழுதுகிறேன்.

பெட்டி நனையவில்லை. நீ சொன்ன மாதிரி எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றி, ராசம்மா போன பிறகு பிசைந்த சம்பலைப் பரிசோதித்தேன். இரண்டு கோடு. புதுத் தேங்காய் வாங்கி மறுபடி செய்தேன். மறுபடியும் இரண்டு. கடையில் இருந்தது நான் ஒருவன்தான். அதற்குமேல் யோசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. கருவி பிழை என்று முடிவுபண்ணிக்கொண்டேன், நீயே பிழை விடும் என்று எழுதியிருந்தாய்தானே. மிச்சமிருந்த அட்டைகளை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறுநாளும் கடையைத் திறந்தேன். பஸ்லியா அந்த வாரமெல்லாம் கடையில்தான் சாப்பிட்டாள்.

அவளை வார்டில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை எடுத்தேன். சாப்பாட்டை வைத்துப் பார்க்கவில்லை. என்னை வைத்துப் பார்த்தேன். எப்படி என்று மகளுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, நீ விளங்கிக்கொள்வாய். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடத் தடிப்பாக வந்தது. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட எடுக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டேன். இங்கே டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவர் இந்த வியாபாரி என்ன உளறுகிறான் என்பது போலப் பார்த்தார். அட்டையைக் காட்டியதும் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். அவர்களுடைய முறையில் பார்க்க மாதிரி எடுத்திருக்கிறார்கள். நாலைந்து நாளாகுமாம்.

பஸ்லியாவுக்குக் காய்ச்சல் இறங்க மறுக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. குடலில் ஓட்டை விழாமல் பார்க்கிறோம் என்கிறார்கள். உன் உம்மாவுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சாச்சிதான் சாப்பாடு கொண்டுபோகிறாள். நான் வார்டு வாசலில் நிற்கிறேன், கட்டிலுக்குக் கிட்டப் போவதில்லை. நேற்று அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "வாப்பா, என்னோட கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாசல் நிலையைப் பிடித்திருந்த கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, மகள். அந்தக் கையை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்தவள் நீ. என் காய்ச்சல் மாறி அடுத்த வருடம்தான் உன் உம்மா றமீலா படுத்தாள். நோயாளி என்று அவளுக்கு நானே கஞ்சி காய்ச்சி, சம்பல் பிசைந்து கொடுத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுது. நீ எழுதினால் நான் நம்புவேன்.

வாப்பா

*

பினாங்கு
2007 ஜனவரி 23

அன்பு வாப்பா,

நம் கடிதங்கள் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியது இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும். வந்திராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

பஸ்லியாவின் காய்ச்சல் இறங்கிவிட்டதாக அஷ்பாக் நேற்றுச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது.

அவளைத் தொடுங்கள், வாப்பா. தொட்டால் வராது. சாப்பாட்டிலும் தண்ணீரிலும்தான் வரும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் போய் அவள் நெற்றியில் கையை வையுங்கள். இதை ஒரு டொக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் கையைப் பிடித்ததாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

உம்மாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் பொய் எழுதலாம். இரண்டு வரியில் எழுதிவிடலாம், நீங்களும் நம்புவீர்கள். பிறகு நாம் இருவரும் ஒரே மேசையில் இருக்கும்போது அந்தப் பொய்யும் கூடவே இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அப்படி நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். அந்த வருடம் பண்டாரவளையில் நிறையப் பேருக்கு இருந்தது. உம்மாவின் இரத்தத்தில் இருந்ததும் உங்களில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க இன்று எதுவும் மிச்சமில்லை. என் கருவியாலும் முடியாது, எந்தக் கருவியாலும் முடியாது. இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் கோபம் வருகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. பயம்தான் வருகிறது. நீங்கள் தனியாக இருந்து இதையே நினைத்துக்கொண்டு ஏதும் செய்துகொள்வீர்களோ என்று.

இதற்கு மருந்து இருக்கிறது. குளிசையை ஒரு நாளும் விடாமல் போட வேண்டும். ஸ்கேனில் கல் தெரிந்தால் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுங்கள். அது இல்லாமல் மனிதர் சுகமாக வாழ்கிறார்கள்.

இனி எழுதப்போவதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். நீங்கள் பேசாமல் இருந்தால் ஊருக்கு இது தெரியாது. கடை பூட்டியது மகளின் சுகவீனத்தால் என்று நினைப்பார்கள். உண்மை தெரிந்தால் கல்லெறிவார்களோ, பஸ்லியாவை யார் கட்டுவார்கள் என்றெல்லாம் நானும் யோசித்தேன். ஆனால் கொஸ்லந்தவில் ஒருவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாப்பா.

ஏப்ரலில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

முஹ்ஸினா

*

பண்டாரவளை
2007 மார்ச் 8

அன்பு மகள் முஹ்ஸினாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம், எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருந்தன.

பஸ்லியா வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஆனால் எழும்பி நடக்கிறாள். அவளுடைய நெற்றியில் கையை வைத்தேன். நான் எவ்வளவு நேரம் கழுவிவிட்டு வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி முடிவும் உன் அட்டை சொன்னதையே சொன்னது. ஸ்கேனில் கல் தெரிந்தது. குளிசை போடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை பதுளையில் ஒப்பரேஷன். டொக்டர் அம்மா சாதாரண விஷயம் என்கிறார். எனக்குக் கத்தியைவிட, எல்லாம் முடிந்த பிறகும் மறுபடி இரண்டு கோடு வந்துவிடுமோ என்றுதான் பயம். சில பேருக்கு வருமாம். அவரிடம் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்.

இரகுநாதன் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டப்படி எனக்கு இனிக் குசினி இல்லை என்றார். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். பிறகு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் எழும்பி உள்ளே போனார், திரும்பி வரவில்லை. அவருடைய மனைவிதான் கதவைச் சாத்தினாள், சத்தமில்லாமல். அதன்பிறகு கடைப் பெயர்ப்பலகையில் யாரோ தார் பூசியிருந்தார்கள். மாஸ்டர் அப்படிச் செய்கிற மனிதர் இல்லை. யார் என்று தேடவும் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. ரோட்டில் நடந்தால் பின்னால் வருகிற காலடி யாருடையது என்று திரும்பிப் பார்க்கிறேன். பஸ்லியாவைப் பள்ளிக்கூடம் அனுப்ப இன்னும் துணிவு வரவில்லை.

நேற்றுக் கொஸ்லந்த போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தோட்டத்துப் பாதையில் ஏறிப் போக விலா வலித்தது. ராசம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போகிறாள், அன்றன்றைக்குக் கூலி தரும் கைகாசு வேலைக்கு. நான் போகும்போது மலையிலிருந்து இறங்கி வந்து லய வாசலில் கூடையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பஸ்லியாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறினாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான், மகள்.

வாசலிலேயே நின்று சொன்னேன். "என்ட கையாலதான் ராசம்மா. ஒன்ட கை இல்ல" என்றேன். வருகிற வழியெல்லாம் நிறைய யோசித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல மற்றதைச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் கூடையின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "தோட்டத்து டொக்டரையா வந்து எல்லாரு முன்னாலயும் என்னயத்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஒண்ணும் இல்லேன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறமும் இந்த லயத்துல ஒருத்தரும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல மொதலாளி" என்றாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் எழும்பி, வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய் ஆட்களைக் கூப்பிட்டாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள், பிள்ளைகள், கங்காணி பொன்னையா, எல்லோரும் வந்து நின்றார்கள். என் பக்கம் திரும்பி, "இப்ப எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

அத்தனை பேரும் ஒரு பிள்ளையின் மௌத்துக்குக் கணக்குக் கேட்டால் அந்த மலையிலிருந்து நான் இறங்க முடியாது. இருந்தாலும் சொன்னேன். என் உடம்பில் இருக்கிற கிருமி என்றும், என் கைவழியாகத்தான் போனது என்றும், ராசம்மாவைக் குற்றம் சாட்டியது நான் என்றும், அவள் கை சுத்தம் என்றும் சொன்னேன். பொன்னையா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போங்க, எல்லாம் போயி வேலையப் பாருங்க" என்று ஆட்களைக் கலைத்தார்.

நான் புறப்படப் பார்த்தேன். அவள் இருக்கச் சொன்னாள். உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை. வேண்டாம் ராசம்மா, உன் கிளாஸில் நான் குடிக்கக் கூடாது என்றேன். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"குடிங்க. கிளாச நான் கழுவிக்கிறேன்" என்றாள்.

குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. முடித்ததும் கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினேன். அவள் அதை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

வாப்பா